அனுமதி பெற்றுக் கூவவும்

மலைக்கு இந்தப் பக்கம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காடு இருந்தது. நாணற்காடு என்று பெயர். மற்ற காடுகளில் ராஜா இருப்பார், சிங்கம் என்பார்கள், பிடரியைச் சிலுப்பும் என்பார்கள். நாணற்காட்டில் அந்த வம்பே கிடையாது, குழந்தைகளே. அது குடியரசு. விலங்குகளும் பறவைகளும் ஒன்றாகக் கூடித் தாங்களே ஓர் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்துவிட்டு மறுநாளிலிருந்து தலையில் அடித்துக்கொள்வார்கள். அதையும் தாங்களேதான் செய்வார்கள்.

அந்தக் காட்டுக்கு இருந்த ஒரே தொல்லை சிறுத்தை. ஆற்றோர நாணலுக்குள் படுத்திருக்கும். அவசரமே படாது. பசித்தால் எழுந்து வரும், ஒருவரைக் கவ்வும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பேசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அது கொட்டாவி விட்டதே தவிர வேறு பதில் சொல்லவில்லை.

அதனால் நாணற்காட்டார் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். சிறுத்தையை யார் முதலில் பார்த்தாலும் கூவ வேண்டும். கூவல் கேட்டதும் எல்லாரும் ஓட வேண்டும். யார் கூவியது, எதற்குக் கூவியது, கூவியவர் பெரியவரா சின்னவரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. முதலில் ஓட்டம், அப்புறம்தான் பேச்சு.

கூவுவதில் பெரிய ஆள் பவளாயி. அவள் ஓர் ஆள்காட்டிக் குருவி. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை மடிப்பு, நீண்ட மஞ்சள் கால்கள், ஓயாத வாய். மரத்தில் கூடு கட்டும் பழக்கம் அவள் குலத்துக்கே கிடையாது. ஆற்று மணலில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக முட்டையிட்டு வைப்பாள். தரையில் முட்டையிட்டவளுக்குத் தூக்கம் ஏது? எந்நேரமும் நாணலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாணல் அசைந்தால் கத்துவாள்.

மறைப்பானேன், அசைந்ததெல்லாம் சிறுத்தை இல்லை. காற்று அடித்தாலும் கத்துவாள். ஆற்றில் கட்டை மிதந்து வந்தாலும் கத்துவாள். ஒருமுறை தன் புருஷன் சென்னியப்பன் பூச்சி பொறுக்கிவிட்டு வீடு திரும்புவதைப் பார்த்தே கத்திவிட்டாள். காடே ஓடியது. சென்னியப்பனும் சேர்ந்து ஓடினான்.

“ஏன்டி, கட்டின புருஷனைக்கூடத் தெரியலையா உனக்கு?” என்று திரும்பி வந்து மூச்சு வாங்கக் கேட்டான்.

“நீதானான்னு பாத்துக்கிட்டே நின்னு, அது சிறுத்தையா இருந்துட்டா?” என்றாள் பவளாயி. அவளிடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை.

ஆனால் இந்தக் கூவலால் நஷ்டப்பட்டவளும் பவளாயிதான். அவள் கத்துவாள், காடு ஓடும், ஓடுகிற கால்கள் மணல்மேட்டின் வழியாகத்தான் ஓடும். கூழாங்கல் எது, முட்டை எது என்று ஓடுகிறவர்கள் குனிந்து பார்ப்பார்களா? வருஷா வருஷம் அவள் முட்டைகள் அவள் கூவலாலேயே மிதிபட்டுப் போயின. அவளுக்கு இன்னும் ஒரு குஞ்சுகூட வளரவில்லை. ஊருக்கெல்லாம் கத்திவிட்டு, உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைச் சென்னியப்பன் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் அதிபராக இருந்தவர் ஓர் ஆமை. நல்லவர்தான். எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். பாலம் வேண்டும் என்றால் பார்க்கலாம். பள்ளம் மூட வேண்டும் என்றால் பார்க்கலாம். பார்த்துப் பார்த்தே அவருக்குக் கண் மங்கிவிட்டது, காட்டுக்குப் பொறுமை போய்விட்டது.

“இந்தக் கிழங்கள் போதும்! துடிப்பான இளைஞர் ஒருவர் வரணும்!” என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

இளைஞர் தயாராகத்தான் இருந்தார். கொம்பழகன் என்று ஒரு புள்ளிமான். பவளாயியின் மணல்மேட்டுக்கு அடுத்த புல்தரையில் பிறந்தவன். பிறந்த அன்றைக்கே தள்ளாடி எழுந்து, ஆற்று நீரில் தன் முகத்தைப் பார்த்தானாம். அம்மா பால் கொடுக்கக் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். இது பவளாயி சொன்னது. பவளாயி எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். ஆனால் கொம்பழகனை அறிந்தவர்கள் இதை மட்டும் அப்படியே நம்பினார்கள்.

வளர வளரக் கொம்பும் வளர்ந்தது. என்ன கொம்பு! கிளை கிளையாக, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு இருக்கும். படிப்பதற்கு அக்கரைக் காட்டுக்குப் போனான். என்ன படித்தான் என்று யாருக்கும் தெரியாது. நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு வந்தான் என்பது மட்டும் தெரிந்தது. கூடவே வாசாலன் என்ற நரியையும் அழைத்துக்கொண்டு வந்தான். வாசாலனுக்கு இருந்தது ஒரே ஒரு திறமை. யார் மேலே இருக்கிறாரோ அவர் சொல்வதற்கு ஆமாம் போடுவான்.

தேர்தல் வந்தது. கொம்பழகன் ஆற்றோரப் பாறைமேல் ஏறி நின்றான்.

“உடன்பிறந்தோரே!” என்றான். “நம் பாட்டன் ஓடினான். நம் தந்தை ஓடினான். இன்று நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நான் கேட்கிறேன், எதற்காக ஓட வேண்டும்? என் ஆட்சியில் நாணற்காட்டில் ஒருவரும் ஓட வேண்டியிருக்காது! இது உறுதி!”

முயல்கள் தேம்பித் தேம்பி அழுதன. ஓடி ஓடியே கால் தேய்ந்தவை அல்லவா! மரத்தில் இருந்த மந்திகள் கைதட்டின. காட்டுப்பன்றி ஒருத்தி, குட்டிகள் சூழ நின்றவள், “தங்கமான பிள்ளை” என்றாள்.

“அது சரி, சிறுத்தையை என்ன பண்ணப் போறாராம்?” என்று பக்கத்தில் நின்ற முயலிடம் பவளாயி கேட்டாள்.

“அதெல்லாம் அவர் பாத்துப்பார் அக்கா. எவ்வளவு அழகாப் பேசுறார், கேட்டீங்களா?”

பவளாயிக்கும் ஆசை வந்துவிட்டது. யாரும் ஓடாவிட்டால் முட்டை மிதிபடாது. முட்டை மிதிபடாவிட்டால் இந்த வருஷமாவது அவள் குஞ்சு பொரிப்பாள். அதனால் அவளும் கொம்பழகனுக்குத்தான் ஓட்டுப் போட்டாள். பின்னாளில் யாராவது கேட்டால், “எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்” என்பாள்.

கொம்பழகன் அமோகமாக வென்றான். இனிமேல் ‘அவன்’ என்று சொன்னால் நரி கோபித்துக்கொள்ளும், குழந்தைகளே. ‘அவர்’ என்றே சொல்வோம்.

மேதகு அதிபர் கொம்பழகன் முதல் நாளே வேலையில் இறங்கினார். ஆமை உட்கார்ந்திருந்த தாழ்ந்த கல்லை உருட்டிவிட்டு உயர்ந்த பாறையைத் தன் இருக்கையாக்கினார். தன் கொம்பு தெரியும்படி மரக்கிளைகளை வெட்டச் சொன்னார். யானைப் பாதைக்குக் கொம்பழகன் பாதை என்று பெயர் வைத்தார். வாசாலனை முதன்மைச் செயலராக்கினார். அதற்குள் அவருக்கு வாய் உலர்ந்துவிட்டது, தண்ணீர் குடிக்கப் போனார்.

அப்போது பவளாயி கூவினாள். நிஜச் சிறுத்தை. காடு ஓடியது. அதிபரும் ஓடினார். சொன்ன சொல் முதல் நாளே காற்றில் பறந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன்பிறகும் கூவல்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. சிறுத்தைக்குத் தேர்தல் நடந்தது தெரியாதே!

ஒருநாள் மலைநாட்டு அதிபர் விருந்துக்கு வந்தார். அவர் ஒரு காட்டெருமை. மலை மாதிரி உடம்பு, மரியாதை என்றால் உயிர். வழியெல்லாம் பூப் போட்டிருந்தார்கள். மந்திகள் வரவேற்புப் பாட்டுப் பாடின. “எங்கள் நாட்டில் இப்போது யாரும் ஓடுவதே இல்லை” என்று கொம்பழகன் விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கீக்கீ! ஓடுங்க! ஓடுங்க!”

பவளாயிதான். காடே நாலாபக்கமும் சிதறியது. காட்டெருமை பயந்து திரும்பி, பூவில் வழுக்கி, சேற்றில் நாலு காலும் மேலே தெரிய விழுந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது ஆற்றில் ஒரு பனங்கட்டை சாவகாசமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

காட்டெருமை சேற்றோடு எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மலைநாட்டுக்குப் போய்விட்டார்.

“கட்டைதானா? கட்டைன்னு தெரியலையே” என்று பவளாயி நெளிந்தாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

கொம்பழகன் கோபத்தில் புல்லைக்கூடத் தொடவில்லை. வாசாலனைக் கூப்பிட்டார்.

“மானம் போயிற்று, வாசாலா! எல்லாரும் ஏன் ஓடுகிறார்கள்?”

“கூவல் கேட்பதால் ஓடுகிறார்கள், தலைவரே.”

“கூவல் ஏன் கேட்கிறது?”

“சிறுத்தை வருவதால் கேட்கிறது, தலைவரே. சில நேரம் கட்டை வருவதாலும்.”

“சிறுத்தையை நிறுத்த முடியுமா?”

நரி காதைச் சொறிந்துகொண்டது. “அது கொஞ்சம் சிரமம், தலைவரே.”

“கூவலை நிறுத்த முடியுமா?”

“அது ரொம்பச் சுலபம், தலைவரே!”

அவ்வளவுதான். மறுநாள் காலை மந்திகள் மரத்துக்கு மரம் தாவிப் புதுச் சட்டத்தை அறிவித்தன. இனி யாரும் நினைத்த நேரத்தில் கூவக் கூடாது. சிறுத்தையைப் பார்த்தவர் முதலில் முதன்மைச் செயலரிடம் வந்து சொல்ல வேண்டும். அவர் விசாரித்து அனுமதி தந்த பிறகு, திரும்பிப் போய், எங்கே பார்த்தாரோ அங்கே நின்று கூவலாம். அனுமதி இல்லாமல் கூவினால் அக்கரைக்கு நாடு கடத்தப்படுவார்.

“இது நல்ல சட்டம்தான்” என்றது முயல். “கட்டையைப் பாத்தெல்லாம் ஓட வேண்டாம் பாருங்க.”

பவளாயி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டையைப் பார்த்துக் கத்தியது அவள்தானே.

சட்டம் வந்த சில நாட்களில் பவளாயி முட்டையிட்டாள். நாலு முட்டை. சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி போட்டு, அச்சு அசல் கூழாங்கற்கள். சென்னியப்பனும் அவளும் மாறி மாறி அடைகாத்தார்கள். அடைகாக்கும் முறை சென்னியப்பனுடையதாக இருந்த ஒரு மத்தியானம், நாணலிலிருந்து ஒரு வால்நுனி எட்டிப் பார்ப்பதைப் பவளாயி பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது. இறக்கையால் பொத்திக்கொண்டு செயலரிடம் பறந்தாள்.

வாசாலன் நாவல் மரத்தடியில் படுத்திருந்தான்.

“ஐயா, சிறுத்தை வருது! கூவட்டுமா?”

“எங்கே வருகிறது?”

“ஆத்தோரம் ஐயா.”

“ஆற்றோரம் என்றால் எந்த ஓரம்? நம் காட்டில் ஆறு நீளமானது.”

“நாணல் ஓரம் ஐயா, புல்லு மேயுற முயல்கள் பக்கம்.”

“சிறுத்தைதான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? போன தடவை கட்டை.”

“வாலைப் பாத்தேன் ஐயா.”

“வால் மட்டும்தானே? வாலை வைத்து எப்படி முடிவு செய்வது? முழுதாகப் பார்த்துவிட்டு வா.”

பவளாயி பறந்து போனாள். பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“முழுசாப் பாத்துட்டேன் ஐயா” என்றாள். “வாயில முயலோட பாத்தேன்.”

“அப்படியா? அதுதான் காரியம் முடிந்துவிட்டதே. இனிமேல் எதற்குக் கூவல்?” என்று சொல்லிவிட்டு வாசாலன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

பிறகு அவனே மெதுவாக எழுந்து நாணல் பக்கம் போனான். சிறுத்தை சாப்பிட்டு மிச்சம் வைப்பதை யாராவது சுத்தம் செய்ய வேண்டுமல்லவா? பொதுச் சேவையில் அவனை மிஞ்ச முடியாது. கொஞ்ச நாளில் செயலருக்குச் சின்னதாகத் தொப்பைகூட விழுந்துவிட்டது.

காட்டில் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கூவல் மட்டும் கேட்கவே இல்லை. கூவுவதற்கு உரிய நேரத்தில் யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி கிடைக்கும் நேரத்தில் கூவ வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மரத்தின் மேலிருந்து நாணலைப் பார்க்கக்கூடிய மந்திகளும் முன்பெல்லாம் கூவும். இப்போது அதிபர் அவற்றுக்குக் கைதட்டும் வேலை கொடுத்து, தினமும் அத்திப்பழம் வழங்கினார். வாயில் பழத்தை வைத்துக்கொண்டு யார் கூவுவார்கள்?

“உடன்பிறந்தோரே!” என்று பாறைமேல் நின்று முழங்கினார் கொம்பழகன். “ஆமையார் ஆட்சியில் நாளெல்லாம் கூவல். என் ஆட்சியில் ஒரு கூவல் உண்டா? இல்லை! கூவல் இல்லை என்றால் என்ன பொருள்? சிறுத்தை இல்லை என்று பொருள்!”

மந்திகள் கைதட்டின.

“அப்போ எங்க அண்ணன் எங்கே?” என்று அந்த முயல் கேட்டது.

“அக்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அங்கே நல்ல கேரட் விளைச்சலாம்” என்றான் வாசாலன்.

முயல் சந்தோஷமாகத் திரும்பி வந்தது. பவளாயிக்குத் தாங்கவில்லை. அதைத் தனியே அழைத்தாள்.

“உங்க அண்ணன் அக்கரைக்குப் போகலை சாமி. நான் என் கண்ணால பாத்தேன். சிறுத்தை வாயில…”

“உங்களுக்கு எப்பவுமே எதைப் பாத்தாலும் சிறுத்தைதான் அக்கா” என்று முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

பவளாயிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கத்தியிருக்கலாம். அனுமதி கிடக்கட்டும் என்று அந்த நேரமே கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் நாடு கடத்துவார்கள். நாலு முட்டையையும் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்ட முடியுமா? அதை நினைத்துத்தான் வாயைப் பொத்தினாள். பொத்தியதால் முயல் போனது. தன் பிள்ளைகளுக்காக ஊரான் பிள்ளையைக் கொடுத்துவிட்டோம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“உனக்கு எதுக்கு வம்பு? நாலு முட்டையும் இன்னும் முழுசா இருக்கு. அதைப் பாரு” என்றான் சென்னியப்பன்.

உண்மைதான். யாரும் ஓடாததால் முட்டைகள் முழுதாக இருந்தன. உள்ளே குஞ்சுகள் அசைவதுகூட வயிற்றுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அப்போது அதிபர் பதவியேற்ற ஆண்டு நிறைவு விழா வந்தது. விழாவை எங்கே வைக்கலாம்? நாணலை ஒட்டிய ஆற்றங்கரையில்தான் வைக்க வேண்டும் என்றார் கொம்பழகன். சிறுத்தை இல்லை என்பதை வேறு எப்படி நிரூபிப்பது? நாணலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறைமேல் அவர் நிற்பார். எதிரே மணல்மேட்டில் குடிமக்கள் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் பவளாயியின் முட்டைகள்.

பவளாயி பதறிப்போய் ஓடினாள். வாசாலன் தடுத்தும் கேளாமல் நேரே அதிபரிடம் போனாள்.

“தம்பி, நீ பொறந்ததிலேருந்து உன்னைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரு உதவி செய்யணும்…”

“தம்பியா? மேதகு அதிபர் என்று சொல்!” என்று சீறினான் வாசாலன்.

“மேதகு தம்பி, என் முட்டை நாலும் மணல்மேட்டுல இருக்கு. கூட்டம் வந்தா மிதிச்சிடுவாங்க. விழாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க.”

கொம்பழகன் அன்போடு சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. தான் சொல்வதைத் தானே முழுதாக நம்புகிறவர்.

“கூட்டம் உட்கார்ந்துதானே இருக்கும், அம்மா? ஓடினால் அல்லவா மிதிபடும்? என் ஆட்சியில் யாரும் ஓடமாட்டார்கள். பிறகு உன் முட்டைகளுக்கு என்ன பயம்? கவலைப்படாதே. என் உரையில் உன் முட்டைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன்.”

விழா நாள் வந்தது. வெயில் சாயும் நேரம். மணல்மேடு நிறைய விலங்குகள். முன்வரிசையில் காட்டுப்பன்றி தன் குட்டிகளை உட்கார்த்தி வைத்திருந்தாள். மான்குட்டிகளும் முயல்களும் அவர்களோடு. மந்திகள் மரங்களில். பின்னால், எல்லாருக்கும் பின்னால், சென்னியப்பன் முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தான். பவளாயி பக்கத்தில் நின்றாள்.

கொம்பழகன் பாறைமேல் ஏறினார். கொம்புகளில் பூச்சரம் சுற்றியிருந்தது. பக்கத்தில் வாசாலன்.

“உடன்பிறந்தோரே! ஓராண்டுக்கு முன்னால் என்ன சொன்னேன்? ஓட வேண்டாம் என்றேன். இன்று பாருங்கள், நாணலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன்! ஓர் ஆள்காட்டிக் குருவி நிம்மதியாக அடைகாக்கிறது! இதற்குப் பெயர்தான் நல்லாட்சி!”

கைதட்டல் எழுந்தது. பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

நாணல் அசைந்தது. காற்று இல்லை.

பவளாயி கட்டையா என்று ஆற்றைப் பார்த்தாள். கட்டை இல்லை. நாணலைப் பிளந்துகொண்டு சிறுத்தை வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், வயிறு மண்ணில் படும்படி, பாறையை நோக்கி வந்தது.

அதை அவள் மட்டும் பார்க்கவில்லை. கூட்டம் முழுதும் பார்த்தது. முயலின் காதுகள் விறைத்தன. பன்றி குட்டிகளைத் தன்னோடு சேர்த்து அணைத்தாள். தட்டப் போன மந்திகளின் கைகள் பாதியில் நின்றன. ஒருவரும் கூவவில்லை. எல்லாரும் அனுமதிக்காக வாசாலன் முகத்தைப் பார்த்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் பாறையிலிருந்து ஓசைப்படாமல் இறங்கி, மரத்துக்குப் பின்னால் போய், அங்கிருந்து இன்னொரு மரத்துக்குப் பின்னால் போய், மறைந்தே போனான். அனுமதி கொடுக்க அவன் இல்லை.

கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. கொம்பழகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என் பேச்சைக் கேட்டு நீங்கள் இப்படி மெய்ம்மறந்து இருப்பதைப் பார்க்கிறேன்” என்றார். “உங்கள் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!”

பவளாயியின் அலகு திறந்தது.

“வேணாம் பவளா” என்றான் சென்னியப்பன். அவளைப் பார்க்காமல், முட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இப்போ நீ கத்தினா அத்தனை காலும் நம்ம மேலதான் வரும். நாலும் போயிடும்.”

“தெரியும்.”

“இன்னும் ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும்டி. நம்மளை யாரும் பாக்கலை. சும்மா இரு. அவன் உனக்கு என்ன பெருசாச் செஞ்சுட்டான்?”

“ஒண்ணும் செய்யலை.”

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். பன்றிக்குட்டி ஒன்று, நடப்பது தெரியாமல், மணலை மூக்கால் தோண்டிக்கொண்டிருந்தது. பாறைமேல் நின்றவரைப் பார்த்தாள். அவளுக்கு அதிபர் யாரும் தெரியவில்லை. அம்மா கூப்பிட்டும் காதில் விழாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்ற குட்டிதான் தெரிந்தது. ஒரு தடவை வாயைப் பொத்திப் பார்த்தாயிற்று. அந்த நெஞ்செரிச்சலே இன்னும் ஆறவில்லை.

“நீ எந்திரிச்சுக்கோ” என்றாள் புருஷனிடம். “உன்னையும் மிதிச்சிடப் போறாங்க.”

பிறகு கத்தினாள். அன்றைக்குக் கத்தியதைப் போல அவள் அதற்கு முன்னும் கத்தியதில்லை, பின்னும் கத்தியதில்லை.

கால்களுக்குச் சட்டம் எங்கே தெரியும்? மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடியது. பன்றி ஓடினாள், குட்டிகள் ஓடின, முயல் ஓடியது, மந்திகள் கிளை கிளையாகத் தாவின. யாரும் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. புழுதி ஆள் உயரத்துக்கு எழுந்தது. அந்தப் புழுதிக்குள் பவளாயியின் கூடு இருந்தது.

ஒருவர் மட்டும் ஓடவில்லை. மேதகு அதிபர் பாறைமேலேயே நின்றார்.

“நில்லுங்கள்! ஓடாதீர்கள்! பக்கத்துக் காட்டார் எல்லாம் என்ன நினைப்பார்கள்!” என்று கத்தினார். பிறகு பவளாயியைப் பார்த்தார். கோபத்தில் கொம்பிலிருந்த பூச்சரம் ஆடியது. “யாருடைய அனுமதியில் கூவினாய்?”

“பின்னாடி பாரு தம்பி!” என்று கதறினாள் பவளாயி. “பின்னாடி! ஐயோ, ஓடு தம்பி!”

‘தம்பி’ என்று கூப்பிட்டது அதிபருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்தார். அதுதான் அவர் கடைசியாகச் செய்த அரசுப் பணி.

புழுதி அடங்கியபின் பவளாயியும் சென்னியப்பனும் மணல்மேட்டுக்கு வந்தார்கள். மூன்று முட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. ஒன்றுதான் ஒரு கல்லின் அடியில் ஒதுங்கி முழுதாக இருந்தது. சென்னியப்பன் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டான். பவளாயி உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அலகால் எடுத்துத் தள்ளி வைத்தாள். அப்போதும் கண் நாணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எல்லாரும் அதே மணல்மேட்டில் கூடினார்கள். வாசாலன் எங்கிருந்தோ வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றான். புது அதிபர் யார் என்று இன்னும் முடிவாகாததால், யாருக்கு ஆமாம் போடுவது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்தான். ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“மறைந்த மாபெரும் தலைவருக்கு மரியாதை செலுத்தும் வகையில், அனைவரும் சிறிது நேரம் மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.”

எல்லாரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். முயல் அண்ணனை நினைத்து விசும்பியது. அதற்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியிருந்தது.

பவளாயி கத்தினாள்.

உடனே எல்லாரும் ஓடினார்கள். சிறுத்தையா, கட்டையா என்று ஒருவரும் நின்று பார்க்கவில்லை. முதலில் ஓடியது முதன்மைச் செயலர்தான். ஆனால் குழந்தைகளே, மற்றவர்கள் ஓடும்போது மணல்மேட்டின் நடுவே வந்ததும் வளைந்தார்கள். பன்றி வளைந்தாள், அவள் பின்னால் குட்டிகள் வளைந்தன, முயலும் வளைந்தது. சென்னியப்பன் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி, ஒரு கால்கூடப் படாமல், காடு முழுதும் ஓடிப் போனது.

நீதி: எச்சரிப்பவன் வாயை அடைப்பவன் தன் காதைத்தான் அடைத்துக்கொள்கிறான், வருகிற அபாயத்தின் காலைக் கட்டுவதில்லை.